தார் மணல்: மிதக்கும் எண்ணெய், படியாத சேறு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஓடும் அத்தபாஸ்கா ஆற்றின் கரைமேடுகளில், கோடை வெயில் ஏறினால் மணலிலிருந்து கறுப்பாகத் தார் கசியும். அங்கு வாழும் கிரீ மக்கள் அதை மரப்பிசினோடு கலந்து தோணிகளின் விரிசல்களை அடைத்து வந்தார்கள். அந்த மணல் படுகைகளிலிருந்து இன்று நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுக்கப்படுகிறது.

துளை போட்டால் பீறிட்டு வரும் எண்ணெய் அல்ல இது. மணலின் எடையில் 10 முதல் 12 சதவீதம்தான் பிட்டுமன் எனும் தார் போன்ற கெட்டி எண்ணெய். அதுவும் ஆறிய வெல்லப்பாகு போல இறுகிக் கிடக்கும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் இரண்டு டன் மணலைத் தோண்டியாக வேண்டும். அதற்கு முன்பே காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தை வடியவிட்டு, மேல்மண்ணை அள்ளிக் கொட்டியாக வேண்டும். 400 டன் ஏற்றும் லாரிகள் சுரங்கத்துக்குள் இரவு பகலாக ஓடுகின்றன.

மணலிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் வழி அழகானது. ஒவ்வொரு மணல் துகளையும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போர்த்தியிருப்பதால், பிட்டுமன் துகளோடு நேராக ஒட்டுவதில்லை. 1920களில் கார்ல் கிளார்க் என்ற வேதியியலாளர் இதற்கேற்ற முறையை வகுத்தார். மணலோடு சுடுநீரும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கினால், பிட்டுமனில் உள்ள அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து ஒரு வகைச் சோப்பாகின்றன. எண்ணெய் மணலை விட்டு விலகி, காற்றுக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். மணல் அடியில் தங்கும். பெரிய அளவிலான முதல் வணிக ஆலை 1967இல் இயங்கத் தொடங்கியது.

சிக்கலும் அதே காரத்தில்தான் இருக்கிறது. மணலோடு நுண்ணிய களிமண்ணும் வருகிறது. காரநீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால், கூடித் திரண்டு அடியில் படிவதில்லை. கழிவுக் குளத்தில் மணல் சீக்கிரமே இறங்கிவிடும். களிமண்ணோ சில ஆண்டுகளில் 30 சதவீதம் திடப்பொருள் கொண்ட சேறாகி, அதற்கு மேல் இறுகாமல் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். எண்ணெயை விடுவித்த அந்தச் சோப்பு அமிலங்கள் மீன்களுக்கு நஞ்சு. இந்தக் குளங்களில் இப்போது ஒரு லட்சம் கோடி லிட்டருக்கு மேல் கழிவு தேங்கியிருக்கிறது. 2008 ஏப்ரலில் சின்க்ரூடு நிறுவனத்தின் குளமொன்றில் இறங்கிய வாத்துகளில் சுமார் 1,600 செத்தன. 2023 தொடக்கத்தில் இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் சுரங்கத்தில் 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வழிந்தது. அதே சுரங்கத்தில் 2022 மே மாதமே கசிவு தென்பட்டிருந்தும், அதன் தீவிரம் ஆற்றின் கீழ்ப்பக்கத்து முதற்குடி மக்களுக்கு மாதக்கணக்கில் தெரிவிக்கப்படவில்லை.

தோண்டி எடுக்கத்தக்கது மொத்த இருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆழத்தில் கிடப்பதற்கு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிடைக்குழாய்களை இறக்கி, மேல்குழாயில் நீராவி செலுத்துகிறார்கள். இளகிய எண்ணெய் கீழ்க்குழாயில் வடிகிறது. இதில் குளம் இல்லை. ஆனால் நீராவிக்காக எரிக்கும் இயற்கை எரிவாயு ஏராளம். சாதாரணக் கச்சா எண்ணெயைவிட இதற்குக் கரியமில வாயுக் கணக்கு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிட்டுமனின் கெட்டித்தன்மை வியாபாரத்திலும் கையைக் கடிக்கிறது. குழாயில் ஓட வேண்டுமானால் இலேசான எண்ணெயை விலைக்கு வாங்கிக் கலக்க வேண்டும். அதைச் சுத்திகரிக்கத் தனி வசதியுள்ள ஆலை வேண்டும். ஆகவே விலை எப்போதும் ஒரு படி கீழேதான். 2018 இறுதியில், குழாய்வழியும் போதாமல், அமெரிக்க இலேசு எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு 40 டாலருக்கு மேல் குறைந்து விற்றது. மாகாண அரசே உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு டிரான்ஸ் மவுண்டன் குழாய்வழியைக் கூட்டாட்சி அரசு 450 கோடி கனடா டாலருக்கு வாங்கியது. விரிவாக்கம் முடிந்து 2024 மே மாதம் திறந்தபோது, அந்த விரிவாக்கச் செலவு மட்டும் சுமார் 3,400 கோடி.

வருமானம் பொய்யல்ல. ஆல்பர்ட்டாவின் கருவூலம் இந்த எண்ணெயின் உரிமத்தொகையில் நிமிர்ந்து நிற்கிறது. சுரங்கங்களுக்கு நடுவில் வாழும் ஃபோர்ட் மெக்கே முதற்குடியினர் தாங்களே ஒப்பந்த நிறுவனங்களும் நடத்துகிறார்கள். மாசைச் சகிப்பவர்களும் சம்பாதிப்பவர்களும் பல வீடுகளில் ஒரே ஆட்கள்தான். இதை மறந்துவிட்டு வெளியிலிருந்து தீர்ப்பு சொல்வது சுலபம்.

என் கேள்வி கடைசிச் செலவைப் பற்றியது. தோண்டிய நிலத்தை மீட்டுத் தருவது நிறுவனங்களின் கடமை. மீட்கப்பட்டதாக முதல் சான்றிதழ் பெற்றது கேட்வே ஹில் என்ற 104 ஹெக்டேர் மேடு, 2008இல். மாகாணத் தணிக்கையாளரின் 2015 அறிக்கைப்படி, சுரங்க நிலங்களை மீட்க ஆகக்கூடிய செலவு சுமார் 2,080 கோடி டாலர். அரசின் கையில் இருந்த பிணைத்தொகை 157 கோடி. விதி அப்படி: பூமிக்குள் மிச்சமிருக்கும் எண்ணெயின் மதிப்பையே நிறுவனத்தின் சொத்தாக எண்ணிக்கொண்டு, இருப்பு 15 ஆண்டுகளுக்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பகுதிப் பணத்தைக் கேட்கிறார்கள். எண்ணெய் விலை விழுந்தால் அந்தச் சொத்தின் மதிப்பும் கூடவே விழும். சேற்றின் அளவு அப்படியே இருக்கும்.