ஸ்கேனுக்கு முன் ஒரு மாத்திரை

இதயத்துக்கு சிடி ஆஞ்சியோ, அதாவது அதன் ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுக்கப் போனால் முதலில் நாடி பார்ப்பார்கள். வேகமாக இருந்தால், துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். நன்றாக ஓடுகிற இதயத்தை எதற்கு மெதுவாக்க வேண்டும் என்ற பயம் பலருக்கும் வரும்.

இதயத்தின் ரத்தக் குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை, துடிக்கும்போதெல்லாம் அசைகின்றன. துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதற்குப் போக, மிச்சம் ஓய்வு. அந்த ஓய்வின் நடுவில்தான் குழாய் கொஞ்சம் அடங்கி நிற்கும். படம் அப்போதுதான் தெளிவாக விழும். துடிப்பு 90 ஆனால் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, ஓய்வுதான் அடிபடும். படம் கலங்கினால் அடைப்பா இல்லையா என்றே சொல்ல முடியாது. அதனால்தான் 60, 65-க்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

மாத்திரை வழக்கமாக 50 அல்லது 100 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு லேசான தலைசுற்றலுக்கு மேல் ஒன்றும் ஆகாது. சில மணி நேரத்தில் வீரியம் இறங்கிவிடும். சிக்கல், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான். இந்த மருந்து, இதயத்தை வேகப்படுத்தும் அட்ரினலின் வேலை செய்யும் இடங்களை அடைக்கிறது. இதயத்தைத்தான் குறிவைக்கிறது என்றாலும், மூச்சுக்குழாயையும் கொஞ்சம் தொடும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுகலாம். அவசரத்துக்கு அடிக்கும் இன்ஹேலரும் சரியாகக் கேட்காமல் போகலாம்.

டெல்லியில் இதுதான் வம்பு. நவம்பர் புகைமூட்டத்தில் மட்டும் இன்ஹேலர் எடுப்பவர், மார்ச்சில் கேட்டால் "ஆஸ்துமாவா? அதெல்லாம் இல்லைங்க" என்பார். ஊரிலிருந்து ஆர்.கே.புரத்துக்கு வந்திருக்கும் அம்மாவிடம் நர்ஸ் இந்தியில் கேட்பார். மகன் முந்திக்கொண்டு "நஹீ" என்றுவிடுவார். அம்மாவின் பையில் இன்ஹேலர் கிடப்பது மகனுக்கே தெரியாது.

பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருப்பவர், ஹார்ட் பிளாக் (ரத்தக் குழாய் அடைப்பு அல்ல, துடிப்பைக் கடத்தும் மின்பாதையில் தடை) உள்ளவர், துடிப்பைக் குறைக்கும் வேறு மருந்துகளான வெராபமில் அல்லது டில்டியாசெம் சாப்பிடுபவர் ஆகியோரும் முன்பே சொல்லியாக வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஐவாபிரடின் என்று ஒரு மாற்று உண்டு. துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சில் வேலை செய்வதால் அது மூச்சுக்குழாய் பக்கம் போகாது. அதிவேக மெஷின் இருந்தால் சிலருக்கு மாத்திரையே வேண்டியிராது.

அப்புறம், இதயத்தின் ரத்தக் குழாய்களை விரிக்க நாக்கடியில் நைட்ரோகிளிசரினும் தருவார்கள். முந்தைய ஓரிரு நாளில் வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். கூச்சமாக இருந்தால் மகனை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டாவது சொல்லிவிடுங்கள்.