ஆரல்வாய்மொழிக்கும் குலசேகரத்துக்கும் ஒரே சட்டிமண் ஆகாது

சட்டியில் வைத்த ரோஜா வாடினால் “என்ன உரம் போடணும்?” என்று கேட்டுத்தான் எங்கள் நர்சரிக்கு ஆட்கள் வருவார்கள். நான் உரம் சொல்வதில்லை, சட்டியைக் கொண்டுவாங்க என்பேன். பூச்செடி சட்டியில் கெட்டுப்போவதற்கு இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் அதிகம் பார்க்கிற காரணம் உள்ளே போட்ட மண். அதிலும் சத்துக் குறைந்த மண்ணைவிட, காற்றுப் போகாத மண்தான் அதிகச் செடிகளைக் கொல்கிறது.

போன ஆடிமாத மழையில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சாக்கில் சுற்றி ஒரு ரோஜாவைக் கொண்டுவந்தார். “மக்ளே, வெள்ளம் ஒழுங்காத்தான் ஊத்துறேன், சாணமும் போட்டேன், பின்ன ஏன் இல மஞ்சளாவுது?” என்று அவருக்கு ஒரே ஆதங்கம். (வெள்ளம் என்றால் எங்கள் ஊரில் தண்ணீர்.) சட்டியைச் சாய்த்து விளிம்பைத் தட்டி, மண்ணைக் கட்டியாக உருவினேன். மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மண் காய்ந்து ஓடுபோல இருந்தது. கீழே மூன்றில் ஒரு பங்கு கறுத்துப் போய்ச் சாக்கடை வாடை. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறையாகக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். வேர் அழுகியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். “என்ன மண்ணும்மா போட்டீங்க?” என்று கேட்டேன். வீட்டு முற்றத்தில் வெட்டிய செம்மண்ணும் பச்சைச் சாணமும் என்றார்.

அதே செம்மண்ணில் அதே வீட்டு முற்றத்தில் செம்பருத்தி ஆளுயரம் நிற்கும், ரோஜாவும் நிற்கும். நிலத்தில் மழைவெள்ளம் ஆழத்துக்கு இறங்கிப் போக வழி இருக்கிறது. மண்புழுவும் பழைய வேர்ப்பாதையும் காற்றை உள்ளே விடும். சட்டியில் ஆழம் ஒரு அடிதான். அடியில் துளை இருந்தாலும், கடைசிப் பகுதியில் நிற்கிற நீர் முழுவதும் வெளியே வராது. மண்துகள்களுக்கு நடுவிலுள்ள சின்ன இடைவெளிகள் அந்த நீரைப் பிடித்து நிறுத்திவிடும். மண் எவ்வளவு நைஸோ, அவ்வளவு உயரத்துக்கு நீர் தேங்கும். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அந்தத் தேங்கிய பகுதியில் அது கிடைக்காது, அழுகல் பூஞ்சைகளுக்கோ அதுதான் சுகமான இடம்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சட்டியின் அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சல்லியோ ஓட்டுத்துண்டோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். வடியாது. நைஸ் மண்ணிலிருந்து சொரசொரப்பான சல்லிக்கு நீர் எளிதில் இறங்காது, மேலேயே தேங்கும். தேங்குகிற பகுதி அப்படியே சல்லிக்கு மேலே ஏறி, வேர் இருக்கிற இடத்துக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையின்மேல் ஒரே ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வையுங்கள், மண் ஒழுகாமல் இருக்க அது போதும். மீதிச் சல்லியைக் கலவைக்குள்ளேயே கலந்துவிடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை.

சரி, என்ன விகிதத்தில் கலப்பது? யூடியூபில் பார்த்து எல்லாரும் ஒரே கணக்கு சொல்கிறார்கள்: மண் ஒரு பங்கு, கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு. நம் மாவட்டத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. குலசேகரம், திருவட்டாறு, விளவங்கோடு பக்கம் ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வருகிற வடகிழக்கு மழையும் இரண்டுமே நன்றாகப் பெய்யும். இடையில் சட்டி காயவே நேரம் இருக்காது. ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கம் கதையே வேறு. கணவாய் வழியாக அடிக்கிற காற்றில்தான் அங்கே காற்றாலை சுற்றுகிறது. அந்தக் காற்றில் காலையில் ஊற்றிய நீர் சாயங்காலத்துக்குள் பறந்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஈரம் பிடிக்கிற கலவை வேண்டும், குலசேகரம் பக்கம் நீரை விட்டுவிடுகிற கலவை வேண்டும்.

வெளியில் மழை படுகிற இடத்தில் வைக்கும் ரோஜா, செம்பருத்தி, பிச்சிக்கு மேற்குப் பக்கத்து வீடுகளுக்கு நான் சொல்வது இப்படி: செம்மண் 2 சட்டி, அலசிய நார்த்தூள் 2 சட்டி, உடைசெங்கல் அல்லது பட்டாணி அளவுச் சல்லி 2 சட்டி, கருக்கிய உமி 1 சட்டி, நன்றாக மட்கிய தொழுவுரம் 1 சட்டி. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் என்றால் நார்த்தூளை 3 ஆக்கி, சல்லியை 1 ஆகக் குறைத்து, தொழுவுரத்தை ஒன்றரை ஆக்கலாம். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரத்தில் கிணற்று நீரே உப்பாக இருந்தால் மேற்குக் கணக்கே நல்லது. மண் தளர்வாக இருந்தால்தான் மழை பெய்யும்போது சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். எல்லாம் அளவுக்கணக்கு, எடைக்கணக்கு இல்லை.

கடலோரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பக்கத்தில் சும்மா கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிவந்து சட்டியில் போடாதீர்கள். உப்பு ஒருபுறம் இருக்க, அது நைஸாக இறுகி நீரை வேறு தேக்கும். ஆற்று மணல் எளிதில் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) போடலாம், ஆனால் சலித்து, மாவு மாதிரி இருக்கிற தூசியை நீக்கிவிட்டு மேலே நிற்கிற கரட்டு மணலை மட்டும். பூச்சுக்கு வாங்குகிற பி-சாண்ட் வேண்டவே வேண்டாம்.

இனி நார்த்தூள். கோக்கோபீட் என்று கட்டியாக விற்கிறார்களே, அதுதான். தேங்காய்க் கதம்பையிலிருந்து (மட்டையிலிருந்து) நாரைப் பிரித்தபின் மிஞ்சுகிற தூள். ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னைக்கும் கயிறு வேலைக்கும் பெயர் போன ஊர்களில் இது மலைமாதிரி குவிந்து கிடக்கும். சும்மாவே தருகிறார்கள் என்று ஆட்டோவில் ஏற்றிவந்து அப்படியே சட்டியில் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதல் சிக்கல் உப்பு. கதம்பையிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு. உவர்நீரில் ஊறப்போட்ட கதம்பை என்றால் உப்பு இன்னும் கூடும். இலை ஓரம் கருகுவது பலநேரம் இதனால்தான். இரண்டாவது, பச்சைத் தூளில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. கணக்காகச் சொன்னால் ஏறக்குறைய 112க்கு 1. அதை மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். நீங்கள் உரம் போடப் போட இலை மஞ்சளாகவே இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு முறை சொல்கிறது: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால், ஓரிரு மாதத்தில் அந்த 112 என்பது 24க்கு இறங்கிவிடும். வீட்டுக்கு ஒரு டன் தேவைப்படாது, ஆனால் நாலு வீடு சேர்ந்தால் செய்யலாம். காளான் வித்து எங்கே கிடைக்கும் என்பதைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கடைக் கட்டி வாங்கினால் அலசியே ஆகவேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டருக்குக் குறையாமல் பொங்கும், அதனால் பெரிய டிரம்மில் போடுங்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, சாக்கில் கட்டிப் பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி நல்ல வெள்ளம் ஊற்றுங்கள். முதல் நீர் கட்டன்சாயா நிறத்தில் வரும். அந்த நிறம் வெளிறும்வரை அலசுங்கள். மூன்று தடவையில் பெரும்பாலும் வந்துவிடும். கடைசி நீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கக் கூடாது. “லோ இசி” (உப்பு குறைவு) என்று அச்சடித்த கட்டியும் அலசாமல் போடவேண்டாம்.

தொழுவுரத்தில் ‘மட்கியது’ என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். மேலே காய்ந்திருந்தால் மட்கியது என்று அர்த்தமில்லை. கையில் எடுத்தால் மண்வாசனை வரவேண்டும், சாண வாடை வரக்கூடாது, பொடிந்து உதிர வேண்டும். சலிக்காமல் போடவும் கூடாது. எருக்குழி காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அந்தத் தடித்த வெள்ளைப் புழு சட்டிக்குள் வந்தால் மண்ணைக் குடைந்து வேரைக் குலைத்துவிடும், வளர்ந்து பறந்தால் பக்கத்து வீட்டுத் தென்னைக் குருத்துக்குப் போகும். மண்புழு உரம் நல்ல பொருள்தான், ஆனால் நைஸானது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போனால் மழைக்காலத்தில் களி மாதிரி ஆகும். கூடுதல் சத்து வேண்டுமென்றால் பின்னால் மேலே தூவிக்கொள்ளலாம். டிரைக்கோடெர்மா (அழுகல் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) கலப்பதானால் உரத்தோடு கலந்து, ஒரு கிலோவுக்கு 10 கிராம் கணக்கில், நிழலில் ஒரு வாரம் ஈரமாக மூடிவைத்து அப்புறம் சேருங்கள்.

பெர்லைட் (எரிமலைக் கல்லைச் சூடாக்கிப் பொரித்த வெள்ளைக் குருணை) பற்றிக் கேட்பவர்களுக்கு: எடை குறைவு, காற்றோட்டம் தரும், எல்லாம் சரி. விலையும் அதிகம், நம் ஊர் மழையில் அது மிதந்து மேலே வந்து வெள்ளையாகக் கிடக்கும். கருக்கிய உமியும் உடைசெங்கலும் இங்கே அதே வேலையைச் செய்யும். மாடியில் பாரம் தாங்காது என்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். பன்னிரண்டு அங்குலச் சட்டியில் வெறும் மண் நனைந்தால் 25 கிலோவைத் தாண்டும். நார்த்தூள் பாதிக்குமேல் இருந்தால் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ரெடிமிக்ஸ் பை வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிலோக் கணக்கில் விற்கிற பையில் நீங்கள் காசு கொடுப்பது பாதி ஈரத்துக்கு. லிட்டர் கணக்கு போட்டிருந்தால் அதைப் பாருங்கள். பையைத் திறந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். வெள்ளம் ஒழுகினாலும் புளித்த வாடை அடித்தாலும் வாங்காதீர்கள். கறுப்பாக இருந்தால் சத்துள்ளது என்று நினைப்பதும் தப்பு. வாங்கி வந்தபின் ஒரு டம்ளரில் அந்தக் கலவையைப் போட்டு, பத்துச் சிறுபயறு விதையுங்கள். மூன்று நாலு நாளில் முளைத்து, வேர்நுனி வெள்ளையாக இருந்தால் நம்பலாம். நுனி கருகியிருந்தால் உப்பு அதிகம் அல்லது உரம் மட்கவில்லை.

சொந்தமாகக் கலப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு, நான் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் நாலைந்து துளை போட்டு டேப்பால் அடைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வெள்ளம் ஊற்றி எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள். வெள்ளத்தைக் கொட்டிவிட்டு, கோடுவரை கலவையை நிரப்பி, லேசாகத் தட்டி, மேலே பளபளக்கிறவரை மெதுவாக நீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தின்மேல் வைத்து டேப்பைப் பிரியுங்கள். அரை மணி நேரத்தில் வடிந்த நீரை அளந்தால், அந்த இடத்தில்தான் இனிக் காற்று இருக்கப்போகிறது. 150 மில்லி வந்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு காற்று. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் 15 முதல் 20 நல்லது. 10க்குக் கீழே என்றால் சல்லியும் உமியும் கூட்டுங்கள். 30ஐத் தாண்டினால் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நீர் ஊற்றத் தயாராக இருக்கவேண்டும்.

செடிக்குச் செடி கொஞ்சம் மாறும். தெத்திக்கு (இட்லிப்பூவுக்கு) புளிப்பு மண் பிடிக்கும். நம் செம்மண் அதற்கு இயல்பாகவே ஒத்துப்போகும். அதில் அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பு ஒட்டிய பழைய செங்கலும் போட்டால் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆகும். புதுச் சிமெண்ட் சட்டியும் இதே தொல்லை தரும், சில நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்தபின் நடுங்கள். காகிதப்பூவுக்குக் கொழுத்த மண் கொடுத்தால் இலைதான் வரும், பூ வராது. அடீனியத்துக்கு (பாலைவன ரோஜாவுக்கு) பாதிக்குமேல் சல்லியும் செங்கலும் வேண்டும், மழைக்காலத்தில் கூரைக்கடியில் வைக்கவேண்டும். ஆந்தூரியத்துக்கும் ஆர்க்கிட்டுக்கும் மண்ணே வேண்டாம். அலசிய கதம்பைத் துண்டு, கரி, ஓட்டுச்சில்லு போதும்.

எந்தக் கலவையும் ஒரு வருஷத்தில் அமுங்கும். நார்த்தூளும் உரமும் மட்கி நைஸாகும், மறுபடி நீர் தேங்க ஆரம்பிக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்த தை, மாசியில் சட்டியை மாற்றுங்கள். பழைய மண்ணில் வேர் வெள்ளையாக இருந்திருந்தால் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் ஷீட் மூடிக் காயவைத்து, புதுச் சல்லியும் உரமும் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அழுகல் கண்ட மண் என்றால் வேறு பூச்செடிக்கு ஆகாது, தென்னை மூட்டில் கொட்டிவிடுங்கள்.