இரவின் குளிரில் விளையும் ஒயின்: கோலன் மேட்டுநில ஆலையின் கதை

பிரான்ஸின் புகழ்பெற்ற லஃபீட் திராட்சைத் தோட்டம், வங்கிக் குடும்பத்துச் செல்வந்தரான எட்மண்ட் டி ராத்ஷீல்டின் குடும்பச் சொத்து. ஒயினைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பணத்துக்கும் குறைவில்லை. 1880களில், அன்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் குடியேறிய யூத விவசாயிகளுக்கு அவர் பிரெஞ்சுக் கொடிகளையும் பிரெஞ்சு நிபுணர்களையும் அனுப்பினார். ரிஷோன் லெசியோன், சிக்ரோன் யாகோவ் என்ற இரண்டு ஊர்களில் பூமிக்கடியில் பிரமாண்டமான நிலவறைகளைக் கட்ட வைத்தார். அப்படியும் முதல் அறுவடை வெயிலில் வீணாய்ப் போனது.

எப்படி என்பதை இட்லி மாவு அரைப்பவர்களுக்கு விளக்குவது சுலபம். சித்திரை மாதத்தில் மாலையில் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து, மூக்கைத் துளைக்கும் அளவுக்குப் புளித்திருக்கும். திராட்சைச் சாற்றில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றும்போது கூடவே வெப்பமும் பிறக்கிறது. ஒரு லிட்டர் சாற்றில் 200 கிராம் சர்க்கரை இருந்து, அது முழுக்க நொதித்து, அந்த வெப்பம் எங்கும் தப்பிக்க வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். சாறு சுமார் 25 டிகிரி சூடேறிவிடும். நடுக்கோடையில் பறித்த பழத்தின் சாறு தொட்டிக்குள் வரும்போதே 30 டிகிரியில் இருக்கும். ஈஸ்ட்டோ 40 டிகிரியை நெருங்கும்போதே சுருண்டு விழ ஆரம்பித்துவிடும். நொதித்தல் பாதியில் நின்றுபோக, மிச்சமிருக்கும் சர்க்கரையை பாக்டீரியாக்கள் பங்குபோட்டுக்கொள்ளும். பீப்பாயைத் திறந்தால் காடி வாடைதான் வரும்.

வெயில் போதாதென்று 1890–91இல் பில்லாக்ஸரா வந்தது. வேரை உறிஞ்சும் குட்டிப் பூச்சி. கொடிகள் அழிந்தன. இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். 1906இல் ராத்ஷீல்ட் ஆலைகளை விவசாயிகளின் கூட்டுறவிடம் ஒப்படைத்தார். கார்மல் என்ற பெயரில் இன்றும் இருப்பது அதன் வாரிசுதான். பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியன் இளைஞனாக வந்திறங்கிய காலத்தில் ரிஷோன் ஆலையில் கூலிவேலை பார்த்திருக்கிறார். அப்புறம் ரஷ்யப் புரட்சியில் ஒரு சந்தை போனது, அமெரிக்க மதுவிலக்கில் இன்னொன்று.

எஞ்சியது உள்ளூர்ச் சந்தை. அங்கே வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டுக்கு ஒயின் வேண்டும், அது இனிப்பாக இருந்தால் போதும். கடலோரச் சமவெளியில் எந்த வெயிலையும் தாங்கி அள்ளிக்கொடுக்கும் காரிஞ்யான் போன்ற ரகங்களே கோலோச்சின. மட்டமான பழத்தின் குறையைச் சர்க்கரை மறைத்துவிடும் என்பது சமையல் தெரிந்த எவருக்கும் தெரிந்த தந்திரம்தான். சுமார் எண்பது ஆண்டுகள் இப்படியே ஓடின.

இந்த மண் ஒயினுக்குப் புதியதும் அல்ல. தமிழ் பைபிளில் கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோகிறதே, அந்தக் கானாவூர் கலிலேயாவில்தான். 2013இல் அதே கலிலேயாவின் மேற்கே டெல் கப்ரியில் சுமார் 3,700 ஆண்டுகள் பழைய கானானிய அரண்மனையின் ஒயின் அறை கிடைத்தது. நாற்பது பெரிய ஜாடிகள், ஒயினில் தேன், புதினா, மரப்பிசின் கலந்த தடயங்கள். அப்போதும் இனிப்பும் மசாலாவும்தான் என்பதைக் கவனியுங்கள். பின்னர் நெடுங்காலம் இஸ்லாமிய ஆட்சியில் ஒயினுக்கான திராட்சை ஒதுங்கி, சாப்பிடும் திராட்சை முன்னுக்கு வந்தது. ராத்ஷீல்ட் கொடிகளைக் கப்பலில் கொண்டுவர நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திருப்பம் 1972இல் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து வந்த ஒயின் அறிவியலாளர் கொர்னேலியஸ் ஆஃப், கோலன் மேட்டுநிலம் ஒயின் திராட்சைக்குப் பொருத்தமான இடம் என்று சொன்னார். 1976இல் அங்கே முதல் கொடிகள் நடப்பட்டன. 1983இல் கட்ஸ்ரின் ஊரில் கோலன் ஹைட்ஸ் ஒயினரி பிறந்தது. உரிமையாளர்கள் கிப்புட்ஸ், மோஷவ் எனப்படும் கூட்டு விவசாயக் குடியிருப்புகள். திராட்சை விளைவிப்பவர்களே ஆலைக்கும் சொந்தக்காரர்கள். யார்டன், கம்லா, ஹெர்மோன் என்ற பெயர்களில் அவர்களுடைய பாட்டில்கள் வருகின்றன. யார்டன் என்றால் ஹீப்ரூவில் யோர்தான் நதி.

அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிக்கொண்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. கோலன் 1967 போரில் சிரியாவிடமிருந்து இஸ்ரேல் கைப்பற்றிய பகுதி. அங்கே வாழ்ந்த சிரிய மக்களில் பெரும்பாலோர் அப்போது வெளியேறிவிட்டனர். வடக்கே, பெரும்பாலும் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்தவர் வாழும் சில ஊர்கள் மட்டும் எஞ்சின. 1981இல் இஸ்ரேல் தன் சட்டத்தை அங்கே நீட்டித்தது; ஐ.நா. பாதுகாப்பு அவை அது செல்லாது என்றது. 2019இல் அமெரிக்கா கோலன் மீதான இஸ்ரேலின் உரிமையை ஏற்றுக்கொண்டது, உலகின் பெரும்பகுதி இன்னும் ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இப்படிப்பட்ட பகுதிகளிலிருந்து வரும் உணவுப் பொருட்களில் வெறுமனே இஸ்ரேல் என்று போட்டால் போதாது, எந்தப் பகுதி என்றும் குறிப்பிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு மேற்குக் கரையில் இயங்கும் வேறொரு ஒயின் ஆலை தொடர்பானது. ஆனால் தீர்ப்பு கோலன் பாட்டிலுக்கும் பொருந்தும்.

சரி, அந்த மேட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? குளிர்ந்த இரவு.

நூறு மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். இந்த ஆலையின் தோட்டங்கள் சுமார் 400 மீட்டரில் தொடங்கி, வடக்கே எல் ரோம் அருகே 1,200 மீட்டர் வரை ஏறுகின்றன. கடற்கரையோடு ஒப்பிட்டால் உச்சியில் ஏழெட்டு டிகிரி குறைவு. குளிர்காலத்தில் அங்கே பனியே விழும். பகலில் வெயில் கொளுத்தினாலும் சூரியன் இறங்கியதும் சூடும் இறங்கிவிடும். கடலோரத்தில் அது நடக்காது. ஈரக்காற்று ஒரு போர்வை மாதிரி இரவு முழுக்க வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இரவு குளிர்ந்தால் பழத்துக்கு என்ன லாபம்? திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக், நம் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதுதான். இன்னொன்று மாலிக், பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அது. டார்டாரிக் அமிலம் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது. மாலிக்கை, காய் செங்காயாகும் கட்டத்துக்குப் பிறகு, பழமே எரிபொருளாகப் பயன்படுத்திச் சுவாசிக்கத் தொடங்குகிறது. சுவாசிக்கும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. இரவும் சூடாக இருந்தால் இருபத்து நாலு மணி நேரமும் புளிப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதற்குள் சர்க்கரை மட்டும் மளமளவென்று ஏறியிருக்கும். விளைவு, தித்திப்பான, சப்பென்ற பழம். குளிர்ந்த இரவில் இந்த எரிப்பு மந்தமாகிவிடும், புளிப்பு தங்கும்.

புளிப்பு நாக்குக்கு மட்டும் வேண்டிய விஷயமில்லை. அமிலம் குறையக் குறைய ஏறும் பிஎச் அளவு 3.8ஐத் தாண்டினால் கெடுக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். ஒயினைக் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடும் அந்த நிலையில் பலம் இழந்துவிடும். ராத்ஷீல்டின் நிபுணர்கள் தொட்டியின் சூட்டோடு மல்லுக்கட்டினார்கள். அந்தச் சண்டையில் பாதி, பழம் தொட்டிக்கு வருவதற்கு முன்பே, கொடியிலேயே தோற்றுப்போயிருந்தது.

நிறத்துக்கும் இதே கதைதான். தோலில் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமிகள் 35 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, உருவானவையும் சிதைகின்றன. கேபர்நே சாவிஞ்யோன் என்ற திராட்சை ரகத்தில் கருஞ்சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும். 400க்கும் 1,200க்கும் இடையிலான இந்த இறக்கத்தில் இன்னொரு வசதி: கீழே ஆகஸ்டில் பறிக்கத் தொடங்கினால் மேலே நவம்பர் வரை போகும். ஒரே ஆலை, மூன்று மாத அறுவடை. தொட்டிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், கணக்குப் பார்ப்பவருக்கும் மகிழ்ச்சி.

அடுத்தது தண்ணீர். கோலனில் மழை குளிர்காலத்தில் மட்டும்தான். கோடையில் ஒரு சொட்டு விழாது. காற்று வறண்டிருப்பதால் பூஞ்சை நோய் குறைவு. ஆனால் பாசனம் இல்லாமல் முடியாது. சொட்டுநீர்க் குழாய்தான் இங்கே வழி. 1965இல் ஹட்செரிம் கிப்புட்ஸில் தொடங்கிய நெடாஃபிம் நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுபோனது, நம் தோட்டங்களிலும் அந்தக் கறுப்புக் குழாய் ஓடுகிறது. நாம் அதை வாங்குவது செடி வாடாமல் இருக்க. ஒயின்காரர்கள் அதே குழாயைக் கொண்டு கொடியை வேண்டுமென்றே தாகத்தில் வைக்கிறார்கள்.

தாகம் எடுத்த வேர் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனை இலைக்கு அனுப்பும். இலைத்துளைகள் மூடும், தளிர் நீள்வது நிற்கும். புது இலை போடுவதை நிறுத்திய கொடி தன் சர்க்கரையைப் பழத்துக்குத் திருப்பும். பழமும் பருக்காமல் சின்னதாகவே நிற்கும். அதுதான் வேண்டும். விட்டம் பாதியானால், சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு இரண்டு மடங்காகும். நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பகுதி எல்லாம் தோலில்தானே இருக்கின்றன. ஆனால் தாகம் அளவு மீறினால் இலை காய்ந்து, பழுப்பதே நின்றுவிடும். அதனால் நடுப்பகலில் ஒரு இலையைப் பறித்து, காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கலத்துக்குள் மூடி, காற்றழுத்தத்தை ஏற்றுகிறார்கள். காம்பின் வெட்டுவாயில் எந்த அழுத்தத்தில் நீர் துளிர்க்கிறதோ, அதுதான் கொடியின் தாகத்தின் அளவு. எனக்கு இதில் மிகவும் பிடித்த கருவி இதுதான். செடியிடம் எவ்வளவு தாகம் என்று கேட்டால் எண்ணிலேயே பதில் சொல்கிறது.

1992 முதல் பல ஆண்டுகள் தலைமை ஒயின் தயாரிப்பாளராக இருந்த விக்டர் ஷோன்ஃபெல்டும் டேவிஸில் படித்தவரே. இந்த ஆலை பெரிதும் கவலைப்பட்ட எதிரிகளில் ஒன்று இலைச்சுருள் வைரஸ். மாவுப்பூச்சி இதைக் கொடிக்குக் கொடி சுமந்து போகும். நோய் கண்ட கொடி சாகாது. இலையோரம் சுருண்டு, பழம் தாமதமாக, நிறம் மங்கிப் பழுக்கும். மருந்து கிடையாது, பிடுங்கிப் போட்டுவிட்டு வைரஸ் இல்லாத நாற்றை நட வேண்டியதுதான். அதற்காகப் பிரெஞ்சு நிறுவனத்தின் துணையோடு தங்களுக்கென்று தாய்க்கொடித் தோட்டமும் நாற்றங்காலும் அமைத்தார்கள்.

இத்தனைக்கும் மேலே, எதை உண்ணலாம், குடிக்கலாம் என்று சொல்லும் யூத மதத்தின் கோஷர் விதிகள். முதல் மூன்று ஆண்டு விளைச்சலைப் பயன்படுத்தக் கூடாது. பழத்தை நசுக்கியதிலிருந்து பாட்டிலை மூடும்வரை ஓய்வுநாள் அனுசரிக்கும் யூதர்தான் ஒயினையும் கருவிகளையும் தொடலாம். கோயில் காலத்துக் காணிக்கையின் நினைவாக ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமான ஒயினைக் கொட்டிவிட வேண்டும். ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு; கடைசியாக அது 2021–22இல் வந்தது. கோஷர் என்றாலே இனிப்பு ஒயின் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த விதிகளில் எதுவும் ரசாயனத்தில் தலையிடவில்லை என்பதைப் பார்த்தாலே அந்த எண்ணம் போய்விடும். சுவையில் கைவைக்கக்கூடியது வேறொரு வழக்கம்: மற்றவர் கைபட்டாலும் கோஷராகவே இருக்கும்படி ஒயினைச் சூடுபடுத்துவது. இன்று அதையும் சில நொடிகளில் சூடேற்றி, உடனே குளிர்வித்து முடித்துவிடுகிறார்கள்.

நள்ளிரவில் பறித்து, குளிரக் குளிரக் கொண்டுவந்த பழம், சுவருக்குள் குளிர்நீர் ஓடும் எவர்சில்வர் தொட்டிகளில் நொதிக்கிறது. ராத்ஷீல்டுக்கு அந்தத் தொட்டி ஒன்று கிடைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆலை ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் பாட்டில் என்ற அளவுக்கு வளர்ந்தது, இஸ்ரேலின் மூன்று பெரிய ஆலைகளில் ஒன்றானது. 2011இல் இத்தாலியின் வின் இத்தாலி கண்காட்சியில் உயரிய விருது வாங்கியது. அதன் வெற்றியைப் பார்த்து மற்றவர்களும் மேல் கலிலேயா, யூதேயக் குன்றுகள் என்று உயரம் தேடி ஏறினார்கள்.

மத்தியதரைக் கடல் பகுதி சூடாகிக்கொண்டே வருகிறது, பழத்தின் பருவமும் முன்னால் நகர்கிறது. தோட்டத்தை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தலாம் என்றால், எல் ரோமைத் தாண்டி மேட்டுநிலம் அதிகம் மிச்சமில்லை. அதற்கு மேலே ஹெர்மோன் மலை: பாறை, பனிச்சறுக்குத் தடம், ராணுவச் சாவடிகள்.