கறி சாப்பிடாதவருக்கும் வருமா? பெருங்குடல் புற்றுநோயும் நம் சோற்றுத்தட்டும்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ இருப்பது புற்றுநோய்தான் என்று திசு ஆய்வு அறிக்கை வந்து, அதைக் குடும்பத்தாருக்கு விளக்கி முடிக்கும் வேளையில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இவங்க கறி, மீன் எதையும் தொட்டதே இல்லையே டாக்டர், இவங்களுக்கு எப்படி வந்துச்சு?" கேட்பவர்கள் மேல் தவறில்லை. இந்த நோயைப் பற்றிப் பத்திரிகைகளிலும் கைப்பேசியிலும் அவர்கள் படித்தவை பெரும்பாலும் இறைச்சி பற்றிய எச்சரிக்கைகளே. அதனால் சைவ உணவுக்காரர்கள் தங்களுக்கு இந்த நோய் வராது என்றும், அசைவம் உண்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நிறுத்திவிட்டால் போதும் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலானவை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள்: தட்டில் நார்ச்சத்து எவ்வளவு இருக்கிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது.

இறைச்சியைப் பற்றிய உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் அங்கமான சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015 அக்டோபரில், சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலும், ஆடு, மாடு, பன்றி போன்றவற்றின் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பிரிவிலும் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அப்போது வெளியான மதிப்பீடு. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று பலர் புரிந்துகொண்டார்கள்; அந்தப் பிரிவுகள் சான்றின் உறுதியைக் குறிக்கின்றனவே தவிர, ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை சிவப்பு இறைச்சி போதும் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் பரிந்துரை. வாரம் ஒருநாள் ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுத்து ஐந்து பேர் பகிர்ந்துண்ணும் வீடு அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. பிள்ளைகளின் மாலை நேரத் தின்பண்டத்துக்கென்று சாசேஜ், சலாமி பொட்டலங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வாங்கி அடுக்கும் பழக்கம் நகரங்களில் வளர்ந்துவருவதும், நெருப்பில் கருகும் அளவுக்கு வாட்டிய இறைச்சியை வாரத்தில் பல இரவுகள் உண்பதும்தான் எனக்குக் கவலை தருகின்றன.

நார்ச்சத்தின் கதை உகாண்டாவில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் டெனிஸ் பர்கிட்டிடம் தொடங்குகிறது. மேலை நாடுகளில் பரவலாக இருந்த பெருங்குடல் புற்றுநோய் ஆப்பிரிக்கக் கிராமங்களில் மிக அரிதாக இருப்பதைக் கவனித்த அவர், அங்குள்ள மக்களின் நார்ச்சத்து மிகுந்த உணவே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1971-இல் எழுதினார். 44 ஆண்டுகள் கழித்து, 2015-இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கருத்தை மனிதக் குடலிலேயே சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேருக்குத் தென்னாப்பிரிக்கக் கிராமத்து உணவும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேருக்கு அமெரிக்க உணவும் இரண்டே வாரங்களுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டன. முதல் குழுவினரின் நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. அவர்களின் குடல் உட்சுவரில் அழற்சியும் செல்கள் பெருகும் வேகமும் குறைந்தன. உணவை மாற்றிக்கொண்ட கிராமத்தினருக்கு அதே அளவீடுகள் கெட்ட திசையில் நகர்ந்தன. இரண்டு வாரத்தில் புற்றுநோய் வந்துவிடுவதுமில்லை, போய்விடுவதுமில்லை; ஆயினும் அதற்கு முந்தைய நிலை இவ்வளவு விரைவாக உணவுக்கு மறுமொழி சொல்கிறது என்பது என் நோயாளிகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் செய்தி.

காரணம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நாரை அவை நொதிக்க வைத்துப் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். அதோடு நார் மலத்தின் அளவைக் கூட்டி, அது குடலில் தங்கும் நேரத்தைக் குறைக்கிறது. நார் குறைந்து கொழுப்பு மிகும்போதோ, அந்த நுண்ணுயிர்கள் பித்தநீரை உட்சுவருக்குக் கேடு செய்யும் அமிலங்களாக மாற்றுகின்றன. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியிலிருந்து தோன்றி, முற்றிய நோயாவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வதால், அந்த நீண்ட காலம் முழுவதும் நாம் உண்பது பொருட்படுத்தத் தக்கதாகிறது.

இப்போது நம் தட்டுக்கு வருவோம். சரக்குப் போக்குவரத்து அலுவலகமொன்றில் கணக்கு எழுதும் நாற்பதுகளில் உள்ள ஒருவரிடம், பாலிப் அகற்றிய பிறகு, முந்தைய நாள் சாப்பிட்டதை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என மூன்று தடவை சோறு. கூடவே அப்பளம், தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். மாலையில் டீயும் இரண்டு வடையும். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் மூன்று பரோட்டாவும் சால்னாவும். அவர் வயிறு நிறையத்தான் உண்டிருக்கிறார். ஆனால் அன்றைய நார்ச்சத்து என் கணக்கில் 20 கிராமை எட்டவில்லை. 2000 கலோரி உண்பவருக்கு 30 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அளவுகோல், அவர் உண்டதோ அந்தக் கலோரியைத் தாண்டியது. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார் ஏறத்தாழ 3 கிராம்தான், மைதாவிலும் அதிகமில்லை. கம்பிலும் கேழ்வரகிலும் அதே 100 கிராமுக்கு 11 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. தோலோடு கூடிய கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம்.

இந்த எண்களை வைத்துத்தான் அவருக்கு மாற்றங்களைச் சொன்னேன். சோற்றை விட்டுவிடச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. சொன்னாலும் இரண்டு வாரத்துக்கு மேல் யாரும் கடைப்பிடிப்பதில்லை. மூன்று தடவைச் சோற்றை ஒன்றாக்கி, குறைந்த இடத்தில் கீரைக்கூட்டு, அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ என்று பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் ஏதேனும் இரண்டை ஒரு கிண்ணம் நிறைய வைத்துக்கொள்ளலாம். மாலை வடைக்குப் பதிலாக 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலும், நடுப்பகலில் தோலோடு கடித்துத் தின்னும் ஒரு கொய்யாப்பழமும் சேர்ந்தால், இவை இரண்டிலேயே சுமார் 20 கிராம் நார் கிடைத்துவிடுகிறது. பழத்தைச் சாறாகப் பிழிந்து சக்கையை எறிவது இந்த நோக்கத்துக்கு முற்றிலும் எதிரானது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரித் தட்டுக்கு வகுத்துள்ள அளவில் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், தானியம் 250 கிராம் என்றிருப்பதை வீட்டில் ஒருநாள் தராசில் நிறுத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு தலைகீழாக உண்டுவருகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். தயிரும் மோரும் அப்படியே தொடரட்டும்: பிரிட்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2025-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்குக் கூடுதலாக 300 மில்லிகிராம் கால்சியம் பெற்றவர்களுக்கு இந்த நோய் 17 சதவீதம் குறைவாக இருந்தது.

அடுத்தது எடை. கை கால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மிடையே மிகுதி என்பதால், எடை எந்திரம் காட்டும் எண்ணைவிட இடுப்புச் சுற்றளவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தையல் நாடா ஒன்று போதும்: சட்டையை விலக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல் இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இந்தியர்களுக்கான எல்லை. பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீட்டிலும் நமக்கு 23-லேயே கூடுதல் எடையும் 25-இல் உடற்பருமனும் தொடங்குகின்றன. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 25-ஐ எட்டிய அல்லது தாண்டிய பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதமாக இருந்து 2019-21-இல் 40.4 சதவீதமாகவும், ஆண்கள் 28.2-இலிருந்து 37 சதவீதமாகவும் கூடிவிட்டார்கள். நான்கைந்து ஆண்டு இடைவெளிக்கு இது மிகப் பெரிய தாவல்.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று. அது அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைத் தொடர்ந்து சுரப்பதோடு, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத நிலையையும் உண்டாக்குகிறது. அதை ஈடுகட்ட இரத்தத்தில் இன்சுலின் மிகும்போது, செல்கள் பெருகுவதற்கும் அழிய வேண்டியவை அழியாமல் தங்குவதற்கும் அது துணைபோகிறது. நீரிழிவும் பெருங்குடல் புற்றுநோயும் ஒருவருக்கே வருவதை அதிகம் காண்பதற்கு இது ஒரு காரணம். எடை கூடாமல் காப்பது இந்த நோயைத் தடுக்கும் என்பதற்குள்ள சான்று, கூடிய எடையைக் குறைப்பதற்குள்ள சான்றைவிட உறுதியானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே முப்பது வயதில் திருமணத்துக்குப் பின் ஏறும் முதல் ஐந்து கிலோவிலேயே கவனம் தேவை. ஏற்கெனவே எடை கூடியவர்கள் தங்கள் உடல் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைத்தாலே இன்சுலின் நிலை தெளிவாகச் சீர்படுகிறது. பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. அதை நிறுத்துவதும், இரவு பத்து மணிப் பரோட்டாவை எட்டு மணிக்கு முன் உண்ணும் தோசை, கொத்துமல்லித் துவையல், காய்க்கூட்டு என்று மாற்றுவதும் நல்ல தொடக்கம்.

நடை தனியாகவும் பயன் தருகிறது. எடை குறையாவிட்டாலும் உடலுழைப்பு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு. நோய் வந்து சிகிச்சை முடித்தவர்களிடமும் அது வேலை செய்கிறது என்பதை 2025-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது: அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரில், மூன்றாண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி செய்த பிரிவில் எட்டாண்டுகளுக்குப் பின் 90 சதவீதத்தினரும், அறிவுரை ஏடு மட்டும் பெற்ற பிரிவில் 83 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். மதுவும் புகையும் இந்த நோய்க்கும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றுக்குப் பாதுகாப்பான அளவு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

சில எச்சரிக்கைகள் உண்டு. நார்ச்சத்தை ஒரே நாளில் இருமடங்காக்கினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். குடலில் அடைப்போ சுருக்கமோ உள்ளவர்களும், அண்மையில் குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்டவே கூடாது. மாதந்தோறும் பேதிக்கு எடுத்துக் குடலைக் கழுவினால் புற்றுநோய் வராது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. முதியவர்களுக்கு அது நீரிழப்பையும் உப்புச் சமநிலைக் குலைவையும் கொண்டுவரும்.

முயற்சி ஏதுமின்றி எடை குறைந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டவுடன் மூலம்தான் என்று தாங்களே முடிவுசெய்து, மாதக்கணக்கில் களிம்பும் நாட்டு மருந்தும் போட்டுவிட்டு, நோய் முற்றியபின் வருபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். அவர்களில் முப்பதுகளில் உள்ளவர்களும் உண்டு. மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, கழித்த பிறகும் முழுமையாகப் போகாத உணர்வு, காரணம் தெரியாத இரத்தசோகை ஆகியவற்றுக்கும் பரிசோதனை தேவை. நல்ல உணவு வாய்ப்பைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் செய்துவிடாது. அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கே 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2021-இல் பரிந்துரைத்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போதே, ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். தந்தைக்கு 46 வயதில் என்றால், மகனுக்கும் மகளுக்கும் 36 வயதில்.