பக்கவாதத்துக்குப் பிறகு நடை: இன்று எத்தனை அடி வைத்தார்?

பக்கவாதம் வந்தவரின் வீட்டார் முதலில் கேட்பது, “எப்ப சார் நடப்பாங்க?” என்றுதான். கையைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் அப்புறம்தான் வருவார்கள். நியாயமான கேள்வி. தானாக எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டால் வீட்டில் பாதி பாரம் இறங்கிவிடும். ஆனால் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பிசியோதெரபிஸ்டான நான் காலைப் பார்ப்பதில்லை. நோயாளியைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பேன். முதுகுக்குச் சாய்மானம் இருக்காது, கையும் எதையும் பிடித்திருக்கக் கூடாது. அப்படி 30 வினாடி விழாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பேன். கால் அசைவுக்கு அடுத்தபடியாகத்தான் போவேன்.

“நடக்குறதப் பத்திக் கேட்டா உக்கார வைக்கிறாரே” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இதற்குப் பின்னால் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பக்கவாதத்தால் நடக்க முடியாமல் போன 154 பேரை 6 மாதம் கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் சாய்மானம் இல்லாமல் உட்கார முடிந்து, பாதிக்கப்பட்ட காலிலும் கொஞ்சம் பலம் தென்பட்டவர்களுக்கு, 6 மாதத்தில் தானாக நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 98 சதவீதம். இரண்டுமே இல்லாதவர்களுக்கு 27 சதவீதம். ஒன்பதாவது நாளிலும் இரண்டும் வராவிட்டால் அது 10 சதவீதமாக இறங்கியது. இதில் என் கண்ணில் படுவது அந்த 27 மற்றும் 10. மோசமாகத் தொடங்கியவர்களிலும் சிலர் நடந்திருக்கிறார்கள். அதனால் முதல் வாரத்திலேயே “இனிமே கட்டில்தான்” என்று யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

சரி, அப்படியானால் முதல் நாளே தூக்கி நிறுத்திவிடலாமா? அதையும் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய 5 நாடுகளில், 56 மருத்துவமனைகளில், 2104 நோயாளிகளை வைத்து அவெர்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்த ஒரு குழு. வழக்கமான சிகிச்சை பெற்ற ஒரு குழு. 3 மாதம் கழித்துப் பார்த்தால் நல்ல நிலைக்கு வந்தவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், வழக்கமான குழுவில் 50 சதவீதம். எங்கள் துறையில் பலர் எதிர்பார்த்தது நேர்மாறான முடிவை. ஆக, முதல் ஒரு நாள் அவசரப்படாமல், டாக்டர் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புவதுதான் சரி. இதைச் சாக்காக வைத்து மூன்று வாரம் படுக்கையிலேயே போட்டு வைப்பது வேறு தப்பு. படுத்தே கிடந்தால் தசை கரையும், சளி கட்டும், காலில் ரத்தம் உறையும்.

“மூணு மாசத்துக்குள்ள வரலைன்னா அவ்ளோதானாமே” என்பதும் நான் வாரந்தோறும் கேட்கும் பேச்சு. இதில் பாதி உண்மை உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1990-களில் செய்த ஆய்வில், நோயாளிகளில் 95 சதவீதம் பேருக்கு நடையில் வர வேண்டிய முன்னேற்றம் முதல் 11 வாரத்துக்குள் வந்துவிட்டது. வேகமான முன்னேற்றம் அந்தக் காலத்தில்தான் என்பதை நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் அது கதவைச் சாத்தும் நாள் இல்லை. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த லீப்ஸ் ஆய்வு, 2011-இல் வெளிவந்தது, இதைத்தான் காட்டுகிறது. ஒரு குழுவுக்கு, இடுப்பில் வாரைக் கட்டி மேலே தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்க வைக்கும் பயிற்சியை 2 மாதத்தில் தொடங்கினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சி 6 மாதத்தில். மூன்றாவது குழுவுக்கு மெஷினே இல்லை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போய்த் தசை பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தார். எல்லோருக்கும் 90 நிமிடம் வீதம் 36 அமர்வுகள். ஒரு வருடம் கழித்து மூன்று குழுவிலும் முன்னேற்றம் ஒன்றுபோல; மொத்தத்தில் 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி மேலே போயிருந்தது. தாமதமாக, 6-ஆவது மாதத்தில் தொடங்கியவர்களும் கடைசியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு “நடக்க வைக்கிற ரோபோ மெஷின் வச்சிருக்குற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நிற்கவே முடியாதவருக்கு முதல் 3 மாதத்தில் மெஷின் உதவும், அதுவும் பிசியோதெரபியோடு சேர்ந்து. எழுந்து நாலு அடி வைக்கத் தொடங்கியவருக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். வீட்டு வராந்தா போதும்.

ஆனால் அந்த வராந்தாவில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. லாங் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளை ஓரமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். நடைப் பயிற்சி நடந்த அமர்வுகளில் நோயாளி வைத்த அடிகள் சராசரியாக 357. 2009-இல் வெளியான இந்த எண்ணிக்கை எங்கள் துறைக்கே பெரிய அதிர்ச்சி. நம் ஊர் வீடுகளில் நான் பார்ப்பது இதையும் விடக் குறைவு. நோயாளி படுத்திருப்பார். ஒருவர் அவர் காலைத் தூக்கி மடக்கி நீட்டுவார், கொஞ்ச நேரம் கரண்ட் வைப்பார், எண்ணெய் தேய்ப்பார். ஒரு மணி நேரம் ஓடிவிடும். நோயாளி தானாக ஓர் அடிகூட வைத்திருக்க மாட்டார். மூட்டு இறுகாமல் இருக்கக் காலை மடக்கி நீட்டுவது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் தூக்கிவிட்ட காலுக்கு நடை வராது. மூளையில் மிச்சமிருக்கும் பகுதி புதிதாக வழி கண்டுபிடிப்பது, அவரே முயன்று, தடுமாறி, திருத்திக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான். அதனால் பிசியோதெரபிஸ்ட் கிளம்பும்போது “எவ்வளவு நேரம் செய்தீர்கள்” என்று கேட்காதீர்கள். “எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார், எத்தனை அடி வைத்தார்” என்று கேளுங்கள். என்னிடமும் கேட்கலாம்.

நடக்க முடியாதவருக்கு எண்ண வேண்டியது எழுந்து உட்காருவதை. கை இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். நல்ல காலை ஒரு சாண் முன்னால் தள்ளிவைத்து, பலவீனமான பாதத்தை முட்டிக்குக் கீழே கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். இப்படி வைத்தால்தான் எழும்போது பாரம் பலவீனமான காலில் விழும். இல்லாவிட்டால் நல்ல காலே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து எழ வேண்டும். முடியவில்லையா, நாற்காலியில் கெட்டியான தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சுலபமாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். உதவுபவர் நிற்க வேண்டியது பலவீனமான பக்கம், அரை அடி பின்னால். பிடிக்க வேண்டியது இடுப்பை. ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டினால் பிடி கிடைக்கும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. அந்தத் தோளில் மூட்டைத் தாங்கும் தசைக்குப் பலம் இல்லை. ஒரு தடவை இழுத்ததில் வந்த தோள்வலி மாதக்கணக்கில் பயிற்சியைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சமநிலையில் வீட்டாரை மிகவும் குழப்பும் ஒரு நிலை உண்டு. இடது பக்கம் செயலிழந்த ஒரு பெரியவர். உட்கார வைத்தால் நல்ல வலது கையால் மெத்தையை ஊன்றித் தன்னைத் தானே இடது பக்கம் தள்ளிக்கொண்டே போவார். மகன் நிமிர்த்துவார், அவர் இன்னும் பலமாகத் தள்ளுவார். “வேணும்னே பண்றாரு சார்” என்று மகனுக்குக் கோபம். வேண்டுமென்று இல்லை. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கார்னாத் என்ற மருத்துவர் 2000-இல் இதை ஆராய்ந்து எழுதினார். இப்படித் தள்ளுபவர்களுக்குக் கண்ணால் பார்க்கும் நேர்க்கோடு சரியாகவே தெரிகிறது. உடம்பால் உணரும் நேர் மட்டும் சாய்ந்துவிடுகிறது. நேராக இருக்கும்போது விழப்போவது போல் அவர்களுக்குத் தோன்றுகிறது. அதனால் நாம் தள்ளத் தள்ள எதிர்த்துத் தள்ளுகிறார்கள். செய்ய வேண்டியது, தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கண்ணுக்கு வேலை கொடுப்பது. அந்தப் பெரியவரைக் கதவு நிலைக்கு எதிரே உட்கார வைத்து, நிலை நேராக இருக்கிறதா, நீங்கள் அதற்கு இணையாக இருக்கிறீர்களா என்று கேட்டோம். “நான்தான் சாஞ்சிருக்கேன்” என்றார். அப்புறம் வலது தோளுக்குப் பக்கத்தில் சுவர் வருகிற மாதிரி கட்டிலை நகர்த்தி, தோளைச் சுவரில் கொண்டுபோய்த் தொடச் சொன்னோம். தானாகச் சாய்ந்து தொட்டார். யாரும் இழுக்கவில்லை. இவர்களுக்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும். கோபன்ஹேகன் கணக்கில், மற்றவர்கள் எட்டிய அதே நிலையை எட்ட 3.6 வாரம் அதிகம். ஆனால் எட்டினார்கள்.

நடை வந்துவிட்டால் அடுத்த ஆபத்து விழுவது. லீப்ஸ் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது விழுந்தார்கள். பெரும்பாலும் பலவீனமான பக்கமாகவே விழுவார்கள். அந்தப் பக்கத்து எலும்பும் பாரம் ஏறாமல் மெலிந்திருக்கும். இடுப்பு எலும்பு முறிந்தால் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் முதல் எதிரி ரப்பர் செருப்பு. பலவீனமான பாதத்தால் வாரைக் கவ்விப் பிடிக்க முடியாது; பாதி வழியில் கழன்று காலுக்குள் சிக்கும். பின்வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். அடுத்தது ஈரமான குளியலறை, அதற்கு அடுத்து இரவில் விளக்கு போடாமல் எழுவது.

இன்னொன்று பேச்சு. சுவீடனின் ஊமியோ நகரில், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அடுத்த 6 மாதத்தில் விழுந்தார்கள். அது பக்கவாதக்காரர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை, என்றாலும் நான் இதை எல்லோரிடமும் பார்க்கிறேன். நடந்துகொண்டே “காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்பேன். நின்று பதில் சொன்னால், அவருக்கு நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது என்று அர்த்தம். அவரை இன்னும் தனியாகத் தெருவுக்கு விடக் கூடாது. வேகத்தையும் பாருங்கள். தரையில் 10 மீட்டர் அளந்து கோடு போட்டு, மொபைலில் நேரம் எடுங்கள். 25 வினாடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் நடை. 12 அல்லது 13 வினாடிக்குள் வந்தால் வெளியே ஓரளவு தாராளமாகப் போகலாம். கலிபோர்னியாவில் பெர்ரி என்ற மருத்துவர் 1995-இல் வகுத்த அளவு இது. நம் ஊர்ச் சாலையைக் கடக்க இதற்கு மேலும் வேண்டும் என்பது என் கருத்து.

மருந்து? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூயோக்ஸெடின் மாத்திரை நரம்பைத் தூண்டிக் கை கால் பலத்தைக் கொண்டுவரும் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பிரிட்டனில் 3127 பேரிடம் சோதித்து 2019-இல் முடிவு சொன்னார்கள்: மீட்சியில் பலன் இல்லை, எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வுக்காக டாக்டர் எழுதியிருந்தால் அது வேறு விஷயம், நீங்களாக நிறுத்த வேண்டாம். புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

குடும்பத்தாரே பயிற்சி கொடுத்தால் போதாதா என்பதை இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்ற அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய குழுவிலும் வழக்கமான குழுவிலும், 6 மாதத்தில் இறந்தவர்களும் அடுத்தவரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து அதே 47 சதவீதம். குடும்பம் உதவாது என்று இதை நான் படிக்கவில்லை. சொல்லிக்கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது. யாராவது திரும்பத் திரும்ப வந்து பார்த்து, சுலபமானதைக் கடினமாக்கிக்கொண்டே போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். இடைப்பட்ட நாட்களில் அன்றன்று எழுந்து உட்கார்ந்த எண்ணிக்கையையும் வைத்த அடிகளையும் தினசரி காலண்டர் தாளில் குறித்து, வருபவரிடம் காட்டுங்கள்.

பயிற்சிக்கு நடுவே நெஞ்சு வலித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றைக்கு நடை வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வாய் புதிதாகக் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நல்ல பக்கத்துக் கை திடீரென்று தொய்ந்தாலோ, பிசியோதெரபிஸ்டுக்கு போன் செய்து நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள்.