எடை எந்தக் குரோமோசோமில் இருக்கிறது?

தக்கலைப் பக்கம் கல்யாண வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "அவங்க குடும்பத்துக்கே அந்த உடம்பு வாகுதான்." சரி, ஆனால் அந்தக் குடும்பமே ஒரே அடுப்பில் வெந்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தின்று வளர்ந்ததல்லவா? உடம்பு பிறப்பில் வந்ததா, சட்டியில் வந்ததா? மனிதர்களை வைத்து இதைப் பிரித்தறிவது பெரும்பாடு. யார் யாரைக் கட்ட வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று எந்த ஆராய்ச்சியாளரும் உத்தரவு போட முடியாது. எலிக்குப் போடலாம்.

உடன்பிறப்புகளையே 20 தலைமுறைக்கு மேல் இணைசேர்த்து உருவாக்கிய சுண்டெலி வம்சங்கள் ஆய்வகங்களில் உண்டு. ஒரு வம்சத்துக்குள் எல்லா எலியும் மரபணுவில் ஏறத்தாழ அச்சு அசல் ஒன்று. 60 நாள் வயதில் கனமாக இருந்தவற்றையே பொறுக்கிப் பெருக்கி வந்தது எல்ஜி வம்சம். சின்னதாக இருந்தவற்றைப் பொறுக்கி வந்தது எஸ்எம்.

இரண்டையும் கலந்தால் பிறக்கும் குட்டிகளில் எல்லாம் பாதி எல்ஜி, பாதி எஸ்எம். அவற்றை ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. விஷயம், அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் இணைசேர்த்தால் பிறக்கும் பேரக்குட்டிகளிடம்தான் இருக்கிறது. பெற்றோரின் உடலில் விந்தும் முட்டையும் உருவாகும்போது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள், ஜோடிக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், ஒவ்வொரு பேரக்குட்டியும் வேறு வேறு கலவையாக வந்து பிறக்கிறது.

அப்புறம் நிறுவை. எலி தராசில் சும்மா இருக்காது. சின்ன டப்பாவில் போட்டு வாராவாரம் நிறுப்பார்கள். எடை மட்டும் போதாது, எலும்பும் தசையும்கூட எடைதானே. கடைசியில் சிறுநீரகத்தைச் சுற்றியும் இனப்பெருக்க உறுப்பை ஒட்டியும் படிந்த கொழுப்பைத் தனியே வெட்டியெடுத்து நிறுப்பார்கள். ஒரே ஈற்றில் நிறையக் குட்டிகள் பிறந்திருந்தால் பால் பங்கு குறைந்து குட்டி சிறுத்திருக்கும். அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

வால் நுனியில் கொஞ்சம் வெட்டி டிஎன்ஏ எடுத்து, 20 ஜோடிக் குரோமோசோம்களிலும் இடைவெளி விட்டு அமைந்த மார்க்கர்களை, அதாவது இரண்டு வம்சத்துக்கும் வித்தியாசப்படும் டிஎன்ஏ அடையாளங்களை, பார்க்கிறார்கள். இந்த இடத்தில் இந்த எலிக்கு இரண்டும் எல்ஜியா, இரண்டும் எஸ்எம்மா, இல்லை இரண்டிலும் ஒவ்வொன்றா? மூன்று கூட்டமாகப் பிரித்துச் சராசரி எடையை ஒப்பிடுகிறார்கள். எல்ஜி கூட்டம் தெளிவாகக் கனத்திருந்தால், எடையைப் பாதிக்கும் ஏதோ ஒன்று அந்த மார்க்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவை துண்டு மாறும்போதும் பெரும்பாலும் சேர்ந்தே போகும் என்பதுதான் இதன் அடிப்படை.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகும் பஸ்ஸில் ஒருவர் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே எங்கோ இறங்கினார் என்று தெரிந்த மாதிரிதான் இது. எந்த வீடு என்று தெரியாது. அந்தத் துண்டுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். "பருமன் மரபணு கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

கூட்டங்களுக்குள் தெரியும் எடை வித்தியாசம் தற்செயலாக இருந்தால்? அதைப் பிடிக்க அழகான ஒரு வழி உண்டு. எலிகளின் எடைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தாறுமாறாக மாற்றி ஆயிரம் தடவை அதே கணக்கைப் போடுவார்கள். வெறும் குலுக்கலே எவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அதைத் தாண்டினால்தான் நம்பலாம்.

இப்படித் தேடியதில் கிடைத்தது ஒரு பெரிய மரபணு அல்ல. பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும், ஆளுக்குக் கொஞ்சமாய் எடை சேர்க்கும் பல இடங்கள். குட்டிப் பருவ வளர்ச்சிக்கு ஒரு தொகுதி, பிந்திய வளர்ச்சிக்குப் பெரும்பாலும் வேறொன்று. சில இடங்கள் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால் மட்டுமே தலைகாட்டுகின்றன.

விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் தற்செயலாகத் தோன்றிய ஒரு குண்டு எலியில் பழுது ஒரே மரபணுவில். அது 6-ஆம் குரோமோசோமில் இருந்தது. விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு துண்டைக் குறுக்கிக் குறுக்கி 1994-இல் அதைப் பிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரந்து, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனின் மரபணு அது. 1997-இல் அதே குறைபாடு இரண்டு குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது; பின்னர் லெப்டின் ஊசி பலன் தந்தது. மற்றபடி பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகம். அவர்களுக்கு ஊசி போட்டுப் பெரிய பயனில்லை.