அரிச்சந்திரனுக்கு ஏன் தொண்டை கட்டியது?

தமிழ்மொழித்தினப் போட்டி நெருங்கினால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மண்டபங்களில் வசனச் சத்தத்துக்கு முன்னரே இன்னொரு சத்தம் கேட்கும். பிள்ளைகள் வட்டமாக நின்று 'பிர்ர்ர்' என்று உதட்டை உதறுவார்கள். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "அதிபர் எட்டிப் பார்த்திட்டு, இதென்ன குரங்குச் சேட்டை எண்டு கேக்கிறார். என்ன பதில் சொல்ல?"

உடம்புப் பயிற்சியை அதிபருக்கு விளக்கத் தேவையில்லை. பத்து நிமிடம் கிளித்தட்டு மறித்தால் தசை சூடாகும், மூச்சு ஆழமாகும், வெட்கமும் பாதி போய்விடும். விஷயம் அந்த 'பிர்ர்ர்' இல்தான் இருக்கிறது.

பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருப்பீர்கள். வாய்க்குள் நசுக்கிய நுனியில் இரண்டு விளிம்புகள் மூடித் திறந்து காற்றைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அதுதான் சத்தம். குரல்வளைக்குள் இருக்கும் குரல்நாண்கள் இரண்டும் செய்வது கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒரு சிறுபிள்ளையின் குரல்நாண்கள் பேசும்போது செக்கனுக்குச் சுமார் 250 தடவை ஒன்றோடொன்று மோதும். அரை மணிநேரம் இடைவிடாமல் வசனம் பேசினால் 4 இலட்சத்து 50 ஆயிரம் மோதல் வரை போகும். கத்தினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும், நாண்கள் வீங்கும். நானும் ஒருமுறை அரிச்சந்திரனாக வேடம் கட்டினேன். ஒத்திகை முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, போட்டியன்று மயானத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

'பிர்ர்ர்' என்று உதறும்போது உதடு பாதி மூடியிருக்கிறது. அப்போது என்ன நடக்கிறது? வெளியே போகமுடியாத காற்று வாய்க்குள் தேங்கி, குரல்நாண்களை மேலிருந்து தள்ளுகிறது. நுரையீரலோ கீழிருந்து தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் நாண்கள் சற்றே விலகி நிற்பதால் மோதல் மென்மையாகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம். குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ரோ ஒன்றை வாயில் வைத்து அதற்குள் 'ஊ...' என்று முனகிப் பாருங்கள். ஸ்ரோவுக்குள் இருக்கும் காற்றுக்கும் சடத்துவம், அதாவது இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கும் குணம், உண்டு. நாண்கள் திறக்கும்போது அந்தக் காற்று உடனே அசையாது. மேலே அமுக்கம் கூடி, திறப்பதற்கு உதவுகிறது. நாண்கள் மூடத் தொடங்கும்போது, ஓடத் தொடங்கிய காற்று நிற்காது. அது முன்னே போக, பின்னால் அமுக்கம் குறைந்து நாண்கள் உள்ளே இழுபடுகின்றன. ஊஞ்சல் போகும் பக்கத்துக்கே, போகும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவது போல. குறைந்த முயற்சி, நிறைந்த அதிர்வு. இந்தப் பௌதிகத்தை விரிவாக எழுதியவர் அமெரிக்கக் குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே. ஸ்ரோ கிடைக்காவிட்டால் பப்பாசி இலைக் காம்பு போதும், அதுவும் குழல்தான்.

காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் 2 சென்ரிமீற்றர் அமிழ்த்திக் குமிழி விட்டால், குறைந்தது அந்த 2 சென்ரிமீற்றர் தண்ணீரின் அமுக்கத்தை மூச்சு வெல்லவேண்டும். சாதாரணப் பேச்சுக்கே நுரையீரல் கொடுப்பது 5 முதல் 10 சென்ரிமீற்றர்தான். ஆகவே ஆழம் கூட்டிக் குறைத்துப் பிள்ளைக்கு ஏற்றபடி அளவு வைக்கலாம்.

மேடையேற முதல் பனங்கற்கண்டு, மிளகு, பச்சை முட்டை என்று கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது. தொட்டால் புரையேறும். ஆவி பிடித்தால் அந்த ஈரம் போய்ச் சேரும். பனங்கற்கண்டு ருசிக்காகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். விடிய விடிய மைக் இல்லாமல் பாடிய கூத்துக்காரரின் தொண்டையை அளந்து பார்க்கக் காசு ஒதுக்க ஆளில்லை, ஒலிபெருக்கி வாடகைக்கு மட்டும் எப்போதும் காசிருக்கிறது என்பது என் மனக்குறை.

ரீச்சர், வட்டத்தில் நீங்களும் நின்று முதலில் உதறுங்கள். ஒதுங்கி நின்று 'செய்யுங்கோ' என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள். உதடு அதிராத பிள்ளை இரண்டு விரலால் கன்னங்களை மெல்லத் தூக்கிப் பிடிக்கட்டும். பிறகு அம்புலன்ஸ் சத்தம்போல் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. 'யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை' கடைசியில் வரட்டும்.

அதிபர் திரும்ப எட்டிப் பார்த்தால் ஒரு ஸ்ரோவைக் கொடுத்து அவரையும் வட்டத்தில் நிற்பாட்டுங்கள். காலைப் பிரார்த்தனையில் தினமும் கத்துகிறவர் அவர்தானே.